தன்மை ஒருமை

பினாங்கு உயர்நீதிமன்றம், லைட் தெரு.
குளிர்சாதனம் எப்போதும் ஒரு டிகிரி அதிகம்.
பதினாறு வருடமாக என் பைக்குள் ஒரு கம்பளிச் சட்டை,
இரண்டு பேனா, இருமல் மிட்டாய்.

விதி இது:
அவன் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும்.
‘அவர் சொல்கிறார்’ என்று தள்ளி நிற்கக் கூடாது.
ஆகவே ஒலிப்பதிவில் இருப்பது என் குரல்தான்:
அன்று மதியம் நான் லாரியைப் பிறையில் விட்டுவிட்டு வந்தேன்.
நான் சோறு கேட்டேன்.
நான் அவளை அதற்கு முன் அடித்ததே இல்லை.
குணசீலன் கூண்டில் தலைகுனிந்து முணுமுணுக்க
நேசமலரின் புருஷனாக ஒன்பது நாள்
நான் சாட்சி சொன்னேன்.

‘கை பட்டுடுச்சு’ என்றான்.
தமிழில் அது ஒரு வசதி.
கைக்கு ஆள் வேண்டியதில்லை, தானே போய்ப் பட்டுவிடும்.
மலாயிலும் வழி உண்டு:
வினைக்கு முன்னால் ‘தெர்’ என்று ஓர் அசை.
போட்டுவிட்டால்
செய்தது நேர்ந்தது ஆகிவிடும்.
போட்டேன். அதுதான் சரியான சொல்.

முந்தின நாள் மருத்துவர்
கழுத்தின் இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஒன்று என்று
விரல்களைச் சொல்லியிருந்தார்.
அதை அவனுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான்.
‘புரியுதா?’
‘புரியுதுக்கா.’

சாட்சிப் பொருள் பதினேழு:
கிளினிக்கில் கொடுத்த ரோஸ் நிறப் புத்தகம்.
அதற்குள் கட்டம் போட்ட அட்டை.
காலை ஒன்பதிலிருந்து
பிள்ளை அசையும்போதெல்லாம் ஒரு கோடு;
பத்து சேர்ந்ததும் நேரம் குறிக்க வேண்டும்.
ஒருநாள் பதினொன்றரைக்கே பத்து.
ஒருநாள் மாலை நாலாகிவிட்டது, ஓரத்தில் பென்சிலால்
‘தூங்குமூஞ்சி’.
கடைசி நாள் ஏழு கோடு.
நேரம் இல்லை.

அட்டை மலாயில் இருந்ததால்
என்னைக் கேட்கவில்லை.
அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் என்ன அர்த்தம் என்றார்
அரசுத் தரப்பு வழக்கறிஞர்.
‘காகி தீடோர்’ என்றேன்.
நமக்கு முகம் தூங்கும், அவர்களுக்குக் கால்.
நீதிபதி எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு: முப்பத்தாறு வருடம், பன்னிரண்டு பிரம்படி.
‘உங்களுக்கு’ என்றுதான் தொடங்கினேன்.
திருடனுக்கும் கஞ்சா விற்றவனுக்கும் அப்படித்தான்,
மரியாதை இல்லை, பழக்கம்.
அன்று அந்த ‘ங்கள்’ மட்டும்
பல்லில் சிக்கிய நார் மாதிரி.
அவன் கேட்டான்:
‘எப்பலேருந்துக்கா கணக்கு? புடிச்ச நாள்லேருந்தா?’
மாற்றிச் சொன்னேன்.
ஆம், கைதான தேதியிலிருந்து.

அப்போது பின் வரிசையில் ஒரு குரல்.
நேசமலரின் அம்மா. பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்குகிறவள்,
ஒன்பது நாளும் அதே சாம்பல் நிற பஞ்சாபி உடை.
அழவில்லை. கடையில் சில்லறை குறைந்தால் கேட்பது போல:
‘ரெண்டு பேரு.
ஒண்ணத்தானே எண்ணுனாங்க?’

நீதிபதி என்னைப் பார்த்தார்.
பார்வையாளர் வரிசையில் இருந்து வருவது
என் வேலையில் சேராது.
குற்றச்சாட்டிலும் ஒரு பெயர்தான்.
பெயர் வைக்காததை
எந்தப் பிரிவில் எழுதுவது.
நான் பேனாவை மூடினேன்.
காவலர் அவளிடம் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

மாலைப் படகில் நல்ல கூட்டம்.
மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடி
அந்த வாக்கியத்தை எடுத்துப் பார்த்தேன்.
எவ்வளவு சுலபம்.
எண்ணுவது என்றால் நமக்குக் கணக்கு, நினைப்பு, இரண்டும்.
மலாய்க்காரர்களின் ‘கீரா’வும் அப்படியே.
ஒரு சொட்டுச் சிந்தாமல் அக்கரை சேர்ந்திருக்கும்.
பதினாறு வருடத்தில் இப்படி அமைந்தது
இரண்டு மூன்று முறைதான்.

பட்டர்வொர்த் விளக்குகள் தெரியும்வரை
வாய்க்குள் சொல்லிக்கொண்டே வந்தேன்,
மலாயில், பிறகு தமிழில், மறுபடி மலாயில்.
அதில் எங்கேயும்
நான் இல்லை.